ஒத்திகைப் பட்டியல்

புருஷன் செவ்வாய்க் கிரகத்திலிருந்து வீடு வந்து சேர்ந்த மூன்றாம் நாள் காலையில், மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, சண்முகக்கனி உடன்குடி பஜாரில் இருக்கிற சிங்க் கடையின் படியேறினாள். கருப்பட்டி மண்டிக்கு மேலே உள்ள மாடி அது. பலகையில் ‘தொலைக்காப்பு மற்றும் ஒத்திசைவு நிலையம்’ என்று எழுதியிருக்கும். அதை முழுசாக வாசித்தவர் ஊரில் யாரும் கிடையாது. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏறிப் போனவர்களின் வீட்டுப் பெண்கள் திங்கட்கிழமைதோறும் அங்கே வருவார்கள், வேலை முடிந்ததும் கீழே கருப்பட்டி வாங்கிக்கொண்டு போவார்கள். ஒத்திசைவுக்கு இங்கிலீஷில் சிங்க் என்பார்கள், அதனால் அவர்களுக்கு அது சிங்க் கடை, அவ்வளவுதான்.

கடையை நடத்துகிற டெல்பினா மணப்பாட்டுக்காரி. நாற்பத்துநாலு வயது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாகக் கட்டளை அடிக்கிறவள். அடுப்பைப் பற்றவைப்பதிலிருந்து லாரி ஓட்டுவது வரை வாயால் சொன்னாலே நடந்துவிடுகிற காலத்தில், மனிதப் பிரதியை, அதாவது ஒரு ஆளின் மனசைப் படியெடுத்ததை, தொடுகிற கட்டளையை மட்டும் கையால்தான் அடிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எழுத்து எழுத்தாக அடிக்கிறவள் ஒரு நிமிஷமாவது யோசிப்பாள் என்று சட்டம் போட்டவர்களுக்கு ஒரு நம்பிக்கை. பாவம், அவர்கள் டெல்பினாவைப் பார்த்ததில்லை. அவள் பக்கத்துக் கடைக்காரியோடு மீன் விலை பேசிக்கொண்டே அடிப்பாள்.

“என்ன கனி, அவிய வந்துட்டாவளாமே. கையெழுத்துப் போட வந்தியா?” என்று கேட்டாள் டெல்பினா.

கையெழுத்து என்றால் முடிப்புக் கையெழுத்து. போனவர் திரும்பி வந்த ஏழு நாளைக்குள் வீட்டில் இருக்கிற பிரதியை அழித்துவிட வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு மனசுதான், இரண்டு இருக்கக் கூடாது என்பது விதி. கனி உட்காரவில்லை. கையில் இருந்த பையைச் சுருட்டிச் சுருட்டி விரித்தாள். அழிக்க முடியாது என்றாள். அழித்தால் தன்னுடைய ஐந்து வருஷமும் அதோடு போய்விடும் என்றாள்.

அந்த ஐந்து வருஷத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

கனியின் புருஷன் லிங்கதுரை, செவ்வாய் தோஷம் என்று இரண்டு இடத்தில் பெண் மறுக்கப்பட்டவன். மூன்றாவதாகக் கனியின் வீட்டில்தான் ஜாதகத்தை யாரும் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்படிப்பட்டவன் கடைசியில் செவ்வாய்க்கே சுரங்க வேலைக்குக் கிளம்பியபோது ஊர் சும்மா இருக்குமா? சிரித்துத் தீர்த்தது. ஆறு வருஷ ஒப்பந்தம். அங்கிருந்து ஒரு பேச்சு இங்கே வந்து சேரச் சில சமயம் இருபது நிமிஷம் ஆகும். ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் சோறு வடித்துவிடலாம். அதனால் கம்பெனியே ஒரு ஏற்பாடு செய்திருந்தது. கிளம்பும்போது அவனுடைய மனசைப் படியெடுத்து ஒரு பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொடுத்தார்கள். பெட்டி அவனுடைய குரலில் பேசும், அவனைப்போலவே கோபப்படும், கேலி செய்யும். வாரம் ஒருமுறை அங்கே அவனுக்கு நடந்தது, அவன் நினைத்தது எல்லாம் சிங்க் கடை வழியாக இந்தப் பெட்டிக்குள் வந்து இறங்கும். இங்கே நடந்தது எதுவும் அங்கே போகாது. மாசத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம், ஒரு பக்கத்துக்குள். வீட்டுக் கவலை தெரிந்தால் ஆள் வேலையில் தடுமாறுவான் என்று கம்பெனிக்குக் கரிசனம்.

பெட்டியைக் கனி அடுக்களை அலமாரியில் வைத்தாள். அப்போது ஐந்து வயதாயிருந்த மகள் அமுதினி அதற்கு அடுக்களை அப்பா என்று பேர் வைத்தாள். அது, அவர் என்று எப்படிச் சொல்வது என்பதில் ஊருக்கே குழப்பம் உண்டு. நாம் பிரதி என்றே வைத்துக்கொள்வோம்.

முதல் எட்டு மாசம் பிரதியோடு இருந்தது ஒரு கொடுமை. வாரம் முழுக்கக் கனி பேசினதை, அமுதினி பாடிக்காட்டினதை எல்லாம் கேட்டுச் சிரித்த பிரதி, திங்கட்கிழமை ஒத்திசைவு முடிந்ததும் எல்லாவற்றையும் மறந்துபோய் உட்கார்ந்திருக்கும். கனியின் அம்மா செத்துப்போனாள். பிரதியிடம் சொன்னாள், அது அழுதது. அடுத்த திங்கட்கிழமை, “அத்தைக்கு மூட்டுவலி எப்படி இருக்கு?” என்று கேட்டது. கனி மறுபடியும் சொன்னாள், மறுபடியும் அது அழுதது. மூன்றாவது திங்கட்கிழமையும் கேட்டபோது, நல்லா இருக்காவ என்று சொல்லிவிட்டு, நேராகச் சிங்க் கடைக்கு வந்து டெல்பினாவிடம் உட்கார்ந்து அழுதாள்.

டெல்பினா அன்றைக்குத்தான் விஷயத்தை விளக்கினாள். கட்டளையில் முதலில் எங்கிருந்து என்று எழுத வேண்டும், அப்புறம் எங்கே என்று எழுத வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, மாறினதை மட்டும் அது அனுப்பும். அதுவரைக்கும் சரி. கூடவே கம்பெனி ‘அழி’ என்று ஒரு சொல்லையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறது. அந்தச் சொல் இருந்தால், அங்கே இல்லாத எதுவும் இங்கேயும் இருக்கக் கூடாது. இங்கே நீ பேசினது எதுவும் அங்கே கிடையாதே, அதனால் திங்கட்கிழமை அத்தனையும் துடைத்துப் போகிறது.

சொல்லிவிட்டு, அழுகிற கனியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்கு மனசு கேட்கவில்லை. திரும்பி உட்கார்ந்து, கட்டளையிலிருந்து அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டாள். யாரிடமும் சொல்லாதே என்றாள்.

அன்றையிலிருந்து பிரதி எதையும் மறக்கவில்லை. அங்கே அவன் தோண்டின குழியும் தெரியும், இங்கே அமுதினி பல்லை உடைத்துக்கொண்டதும் தெரியும். பெருக்கல் வாய்பாடு அதுதான் சொல்லிக்கொடுத்தது. கனியின் மார்பில் ஒரு கட்டி வந்து, பரிசோதனை முடிவு வருகிற வரைக்கும் பதினொரு நாள் அவள் வேறு யாரிடமும் வாய் திறக்கவில்லை. பிரதியிடம் மட்டும் சொன்னாள். ஒன்றுமில்லாத கட்டி என்று வந்த அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து அடுக்களையில் சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பு அணைந்துபோனது. இதுதான் அந்த ஐந்து வருஷம். அந்தக் கட்டியைப் பற்றிக் கடிதத்தில் அவள் எழுதவில்லை. எழுத வேண்டியவருக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே என்று ஒரு நினைப்பு.

இப்போது ஆள் வந்துவிட்டான். வந்தவன் விருந்தாளி மாதிரி இருந்தான். எழுந்ததும் போர்வையை மடித்து வைத்தான். தண்ணீர் எடுத்துக் குடிக்கலாமா என்று கேட்டுக் குடித்தான். கனியை நீங்க என்றான். அந்தப் பக்கத்தில் பெண்டாட்டியை நீங்க என்கிற புருஷனைக் கனி கண்டதில்லை. களைப்பு, புது ஈர்ப்பு விசை பழக வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். மூன்று நாள் பொறுத்தாள். அப்புறம்தான் படியேறி வந்தாள்.

“அக்கா, பெட்டியில உள்ளத அவியளுக்குள்ள ஏத்திர முடியுமா?” என்று கேட்டாள். “நாங்க வாழ்ந்தது அவியளுக்குத் தெரிஞ்சாப் போதும். பிறவு பெட்டிய அழிச்சுக்கிடுங்க.”

டெல்பினா யோசித்தாள். சட்டத்தில் இடம் இருக்கிறது. எங்கிருந்து, எங்கே என்பதை மாற்றி எழுத வேண்டும். பெட்டியிலிருந்து ஆளுக்கு. ஆனால் ஆளுக்குள் எதை ஏற்றினாலும் முதலில் ஒத்திகை ஓட்டியாக வேண்டும். ஒத்திகை என்றால் நிஜமாக எதையும் மாற்றாது. ஓட்டினால் என்னென்ன மாறும் என்று ஒரு பட்டியல் மட்டும் போட்டுக் காட்டும். அந்தப் பட்டியலை ஆளே உட்கார்ந்து படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்கு அவியளக் கூட்டிக்கிட்டு வா என்றாள்.

லிங்கதுரை மறுப்புச் சொல்லவில்லை. உங்களுக்கு எது நல்லதோ அதைச் செய்வோம் என்றான். அந்தப் பதிலே கனிக்கு எரிச்சலாக இருந்தது.

நான்காம் நாள் காலையில் மூன்று பேரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். லிங்கதுரையின் காதுக்குப் பின்னால் தோலுக்குள் இருந்த நினைவுச் சில்லின் மேல் டெல்பினா ஒரு வட்டத் தகட்டை ஒட்டினாள். பெட்டி வீட்டில் இருந்தாலும் கடையிலிருந்தே அதை எட்டலாம். கட்டளையை அடித்தாள். பெட்டி முதலில், ஆள் பிறகு, கடைசியில் ஒத்திகை என்ற சொல். பட்டியல் ஓட ஆரம்பித்தது. ஒவ்வொரு வரியிலும் ஒரு தேதி, பக்கத்தில் இரண்டு மூன்று சொல்லில் அந்த நினைவுக்கு ஒரு பேர். பழையது முதலில் வரும்.

ஐந்து வருஷத்துக்கு முந்தின ஒரு திங்கட்கிழமையிலிருந்துதான் பட்டியல் ஆரம்பிக்க வேண்டும். டெல்பினா அதை விளக்க வாயெடுத்தாள். அதற்குள் கனி முதல் வரியைப் படித்துவிட்டாள். பதின்மூன்று வருஷத்துக்கு முந்தின தேதி. ‘பெண் பார்க்கப் போனது, வடை’ என்று இருந்தது.

அதற்கு அடுத்த வரி, கல்யாணத்துக்கு முந்தின நாள் மழை. அதற்கும் அடுத்தது, கல்யாணம். திருச்செந்தூர் ஆஸ்பத்திரி வராந்தா. அமுதினி முதல் அழுகை. அமுதினி கைவிரல். கனி பிரசவக் களைப்பில் தூங்கியது. வரிகள் வந்துகொண்டே இருந்தன.

கனிக்கு முதலில் புரியவில்லை. இதெல்லாம் இவியளுக்குத் தெரிஞ்சதுதான, எதுக்கு மறுபடி ஏத்தணும் என்று கேட்டாள். பெட்டியில் இருக்கிற, ஆனால் ஆளிடம் இல்லாததைத்தான் பட்டியல் காட்டும் என்று டெல்பினாவுக்குத் தெரியும். கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

லிங்கதுரைதான் பேசினான். “இது எதுவும் எங்கிட்ட இல்ல. உங்களுக்குத் தெரியாதா?”

அப்புறம் அவன் சொன்னதைக் கனி சுவரில் சாய்ந்து நின்றபடி கேட்டாள். செவ்வாய்க் கூடாரங்களில் ஒரு வழக்கம் உண்டாம். அதற்கு ‘வீட்டை இறக்கி வைப்பது’ என்று பேர். ஞாயிற்றுக்கிழமை டாக்டர் அறைக்கு முன்னால் வரிசையாக நிற்பார்களாம். வீட்டு நினைப்பு எந்த இடத்தில் அதிகமாக வலிக்கிறதோ அந்த இடத்தைக் காட்டினால் டாக்டர் எடுத்துவிடுவார். இறக்கி வைக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தவர்களும் உண்டு. முதல் புழுதிப் புயலில் நாற்பது நாள் உள்ளேயே அடைபட்டுக் கிடந்தபோது, அப்படி இருந்தவர்களில் மூன்று பேர் கவசம் போடாமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்துவிட்டார்கள். மூன்றாவது ஆள் இவனோடு ஒரே அறையில் இருந்தவன். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவனும் வரிசையில் நின்றான். முதலில் மகளின் சிரிப்பை இறக்கி வைத்தான். இரண்டு வருஷத்தில் ஒவ்வொன்றாக எல்லாம் போயிற்று.

“பொண்டாட்டி பேரு, பிள்ளை பேரு, ஊரு பேரு, போட்டோ, இது மட்டும் வச்சுக்கிட்டேன். திரும்பிப் போவணும்லா, அதுக்காக,” என்றான். “நான் எறக்கி வைக்க வைக்க, இங்க பெட்டியிலயும் அது அழிஞ்சுரும்னு சொல்லியிருந்தாவ. அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னுதான் இருந்தேன். தெரிஞ்ச பெறவும் மாசம் தவறாம கடுதாசி எழுதுதாங்களே, எவ்வளவு பெரிய மனசுன்னு நெனச்சேன்.”

கனி டெல்பினாவைப் பார்த்தாள். டெல்பினா தலை நிமிரவில்லை. அந்தச் சொல்லை நான் எடுத்திருக்கக் கூடாது என்று மட்டும் சொன்னாள். அது இருந்திருந்தால், அங்கே அவன் ஒவ்வொன்றாக இறக்கி வைக்கும்போது இங்கே பிரதியும் அந்த வாரமே ஆறிப்போயிருக்கும். கனிக்கு அந்த மாசத்திலேயே தெரிந்திருக்கும், கடிதத்தில் சண்டை போட்டிருப்பாள், கெஞ்சியிருப்பாள், கம்பெனி வாசலில் போய் உட்கார்ந்திருப்பாள். டெல்பினா செய்த உபகாரத்தில், புருஷன் கைவிட்டுப் போனதுகூடத் தெரியாமல் ஒருத்தி ஐந்து வருஷம் சந்தோஷமாக இருந்திருக்கிறாள். அதை உபகாரம் என்பதா, துரோகம் என்பதா? கனி படியிறங்கிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்தவள் நேராக அடுக்களைக்குப் போனாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே பிரதிக்குப் புரிந்துவிட்டது. அது அவளை அறிந்த மனசு, நடை சத்தமே போதும்.

“ஒங்களுக்குத் தெரியும்,” என்றாள் கனி.

“தெரியும்.”

“எப்படி?”

“திங்கக்கிழமை திங்கக்கிழமை அவன் நாள் எனக்குள்ள வந்து எறங்கும்லா. மொதல்ல அந்த நாளெல்லாம் நீயும் பாப்பாவுமா நெறஞ்சிருக்கும். ஒரு பாறையப் பாத்தாக்கூட ஒன் நெனப்பு வரும். பிறவு கொறஞ்சுது. பிறவு நீ வரவே இல்ல. வெறும் பாறையா வந்துச்சு.”

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். சொல்லியிருந்தால் அவள் அவனை வெறுத்திருப்பாள், தன்னையும் வெறுத்திருப்பாள் என்றது பிரதி. தானும் லிங்கதுரைதானே, அங்கே இருந்திருந்தால் தானும் அதே வரிசையில்தான் நின்றிருப்போம் என்று தனக்குத் தெரியும் என்றது. அலமாரியில் உட்கார்ந்திருக்கிறவன் விசுவாசமாக இருப்பதில் என்ன பெருமை இருக்கிறது என்றும் கேட்டது.

கனிக்கு மூன்று பேர் மேலும் கோபம் வந்தது. ஒருத்தன் மறந்தான், ஒருத்தன் மறைத்தான், ஒருத்தி இரண்டுக்கும் வழி செய்து கொடுத்தாள். அன்றைக்குச் சமைக்கவில்லை. லிங்கதுரை தானாகவே அரிசியைத் தேடி எடுத்துக் கஞ்சி வைத்து, அவளுக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். உப்பு அதிகமாகப் போட்டிருந்தது. குடித்தாள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அமுதினி பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். பதினொரு வயசு. வாசலில் உட்கார்ந்திருந்தவனிடம், வந்துட்டேன் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, அடுக்களைக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கணக்கு டீச்சர் எல்லார் முன்னாலும் திட்டினதை அடுக்களை அப்பாவிடம் சொல்லி அழுதாள். பிரதி டீச்சரைப்போலவே பேசிக்காட்டி அவளைச் சிரிக்க வைத்தது. கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த கனி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். லிங்கதுரை மூடின கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தான். உள்ளே தன்னுடைய குரலே தன்னுடைய மகளைத் தேற்றுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் அழவில்லை. எதை நினைத்து அழுவது என்று தெரியாதவன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அவன் வந்து இறங்கின அன்றைக்குக்கூட அவன் மேல் வராத இரக்கம் கனிக்கு அப்போது வந்தது.

அன்றைக்குச் சோறு போடும்போது அவளே பேச்சை எடுத்தாள். ஏத்திக்கிட்டா வலிக்கும் என்றாள். இறக்கி வைத்தது எல்லாம் ஒரே நாளில் வந்து சேரும். மகளுடைய ஆறு வருஷத்தைப் பக்கத்தில் இல்லாமல் கழித்தது அப்போதுதான் உறைக்கும். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், புதுசாகப் பழகிக்கொள்ளலாம், ஊரில் எத்தனையோ பேர் அப்படித்தான் குடும்பம் நடத்துகிறார்கள்.

லிங்கதுரை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். “எறக்கி வச்சதாலதான் நான் உசுரோட வந்தேன். அது தப்புன்னு இப்பவும் எனக்குத் தோணல. ஆனா வந்து சேந்த பெறவும் தூக்காம இருந்தா அதுதான் தப்பு. ஏத்துங்க,” என்றான்.

மறுநாள் காலையில் அவனே சிங்க் கடைக்குப் போய், சாயங்காலம் வரை உட்கார்ந்து, பட்டியலை ஒரு வரி விடாமல் படித்துக் கையெழுத்துப் போட்டான். பதினோராயிரத்துச் சொச்சம் வரி. டெல்பினாவும் பக்கத்தில் உட்கார்ந்து முழுசும் படித்தாளாம். மீன் விலை பேசவில்லையாம்.

அதே நாள், அதாவது ஆறாம் நாள் மத்தியானம், கனி அமுதினியைப் பெட்டிக்கு முன்னால் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னாள். குழந்தைகள் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்கின்றன. அடுக்களை அப்பா வாசல் அப்பாவுக்குள்ள போகப்போறாரா என்று கேட்டாள். ஆமாம் என்றது பிரதி. அப்ப இனிமே என்னைத் தூக்குவாரா என்று கேட்டாள். நீ கனமாகிவிட்டாய், முயற்சி செய்து பார்க்கிறேன் என்றது. அவள் சிரித்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போனாள். கனி அடுக்களைக் கதவைச் சாத்தினாள்.

இனி நடந்தது கனிக்கும் பிரதிக்கும் நடுவில் நடந்தது. கொஞ்சம்தான் சொல்லலாம். அவள் அலமாரியில் நெற்றியை வைத்து நின்றாள். ஏத்தினா நீங்க அங்க இருப்பியளா என்று கேட்டாள். பிரதி பொய் சொல்லவில்லை. நாளைக்கு எழுந்திருக்கிறவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், அதெல்லாம் தானே வாழ்ந்தது என்று அவனுக்குத் தோன்றும், அது உண்மையும்கூட என்றது. ஆனால் இந்த அலமாரியிலிருந்து உன்னைப் பார்க்கிற நான் எங்கேயும் போகப்போவதில்லை, இங்கேயே முடிந்துவிடுவேன் என்றது. கனி அதற்கு அழுதாள். அம்மாவுக்கு அழுததைவிட அதிகமாக அழுதாள். புருஷன் அரை மைல் தூரத்தில் உயிரோடு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்க, புருஷனுக்காக ஒப்பாரி வைக்கிற பொம்பளை உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டு அதற்கும் அழுதாள். அப்புறம் அவர்கள் பேசிக்கொண்டது எதுவும் நம் காதில் விழவில்லை.

கடைசியில் பிரதி ஒன்று கேட்டது. “டெல்பினாட்ட சொல்லு, கட்டளையில ஒண்ண மட்டும் தவிர்க்கச் சொல்லு. இன்னைக்கு நீ கதவச் சாத்துனதுலருந்து இந்த நிமிசம் வரைக்கும். இது அவனுக்குள்ள போகவேண்டாம்.”

“ஏன்?”

“அவன் ஒங்கிட்ட திரும்பி வாரான். வரும்போது நீ இன்னொருத்தனுக்கு அழுதத கையில பிடிச்சுக்கிட்டு வரக்கூடாது. அவன் என்னைய மாதிரிதான். நெனச்சு நெனச்சு மாய்ஞ்சுருவான்.”

கனி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியானால் இது எங்கேயும் இருக்காதே என்றாள். ஆமாம் என்றது பிரதி.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கடை விடுமுறை என்றாலும் டெல்பினா கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்து திறந்தாள். கனி பெட்டியைப் புதுத் துண்டில் சுற்றி எடுத்துவந்தாள். லிங்கதுரை கட்டிலில் படுத்தான். கனி டெல்பினாவின் காதோரம் குனிந்து, தவிர்க்க வேண்டியதைச் சொன்னாள். டெல்பினா ஏன் என்று கேட்கவில்லை. தவிர் என்று அடித்து, தேதியும் நேரமும் சேர்த்தாள். ‘அழி’ என்ற சொல்லைப் போடவில்லை என்று இரண்டு தடவை விரல் வைத்துப் பார்த்தாள். அப்புறம் கனியைத் திரும்பிப் பார்த்தாள். கனி தலையாட்டினாள்.

ஒன்றரை மணி நேரம் ஓடியது. முடிந்ததும் டெல்பினா பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். திரும்பி வரும்போது வெறும் துண்டு மட்டும் கையில் இருந்தது. கனி அதை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள்.

லிங்கதுரை கண்ணைத் திறக்கவில்லை. படுத்தபடியே அழுதான். சத்தமில்லாமல் ஆரம்பித்து, பிறகு கட்டில் குலுங்க அழுதான். இறக்கி வைத்த இடத்திலெல்லாம் ஒரே நேரத்தில் வலித்தது. ஒரு பிள்ளைக்குப் பல் உடைந்தபோது பக்கத்தில் இல்லாத வலி, அலமாரியில் இருந்தபடி அதைத் தூக்க முடியாமல் போன வலி, இரண்டும் இப்போது அவனுடையவை. கனி பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவினாள். அந்தக் கையை அவன் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டான். பதினொரு நாள் நீ தனியா இருந்தியே என்று சொல்ல வந்து, இல்லை, நானும் இருந்தேன் என்று அவனே திருத்திக்கொண்டான். கனி சிரித்தாள். வந்து ஏழு நாளில் அன்றைக்குத்தான் அவனைப் பார்த்து முதல்முறை சிரித்தாள்.

கொஞ்சம் தெளிந்து எழுந்து உட்கார்ந்தான். தண்ணீர் குடித்தான். பாப்பா எங்கே என்றான். கீழே மண்டியில் கருப்பட்டி தின்றுகொண்டிருக்கிறாள் என்றாள் கனி. அவன் எழுந்தவன், செருப்பை மாட்டாமல் நின்றான். எதையோ தேடுகிற முகம்.

“கனி, நேத்து மத்தியானம் நீ அடுக்களைக் கதவச் சாத்துன. அது வரைக்கும் ஞாபகம் இருக்கு. பாப்பா வெளையாடப் போனா. அதுக்குப் பெறவு ஒண்ணும் இல்ல. அப்புறம் என்ன நடந்துச்சு?”

டெல்பினா திரைப் பக்கம் திரும்பிக்கொண்டு எதையோ அடிப்பதுபோல் அடித்தாள்.

“என்ன நடக்கும்? பாத்திரம் வெளக்குனேன்,” என்றாள் கனி.

லிங்கதுரை அவளைப் பார்த்தான். கனி பொய் சொல்லும்போது கீழ் உதட்டை உள்ளே மடிப்பாள். நேற்று வரைக்கும் அது அவனுக்குத் தெரியாது. இப்போது தெரிந்தது. “சரி” என்று சொல்லிவிட்டு, அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, முன்னால் படியிறங்கினான்.